கியர் விழாததற்கும் பிரேக் விளக்கு எரிந்ததற்கும் ஒரே காரணத்தைக் கண்டுபிடித்த பணிமனை

கோவையில் உள்ள இந்தச் சிறிய பணிமனைக்கு நான் காரைக் கொண்டுசென்றபோது அதில் இரண்டு குறைகள் இருந்தன. முதல் கியரும் ரிவர்ஸ் கியரும் எளிதில் விழவில்லை. கோத்தகிரி மலைப்பாதையின் வளைவுகளில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அதற்கு முன் காட்டிய வேறோர் இடத்தில் கியர் ஆயிலை மாற்றியும் பலன் இல்லாததால், கிளட்ச் பிளேட்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

இங்கிருந்த மெக்கானிக் எதையும் கழற்றுவதற்கு முன் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். அளவு குறைந்திருந்தது. பிரேக் பேட் தேய்ந்தாலும் அளவு இறங்கும் என்பதால் நான்கு சக்கரங்களையும் சோதித்தார். பேடுகள் தடிமனாகவே இருந்தன, எங்கும் ஈரமில்லை. பிறகு உதவியாளரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, பெடலை மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தால் கிளட்சை விலக்கும், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிக் காட்டினார். உள்ளே ஆயில் கசிந்திருந்தது. அதனால் கிளட்ச் முழுதாக விலகாததே கியர் விழாததற்குக் காரணம். ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் அழுத்தத்தால் இயங்குவது) உள்ள பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது என்பதையும், கிளட்ச் குழாய் சற்று மேலே பொருத்தப்பட்டிருப்பதால் அங்கே கசிந்தாலும் பிரேக்குக்கான ஆயில் அடியில் மிஞ்சும் என்பதையும் பொறுமையாக விளக்கினார்.

ஸ்லேவ் சிலிண்டரை மாற்றியதோடு பழைய பிரேக் ஆயில் முழுவதையும் வெளியேற்றச் சொன்ன காரணமும் எனக்குச் சரியாகப் பட்டது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கலாம். மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதித்து அது கொதித்துவிட்டால், உள்ளே உருவாகும் ஆவி அமுங்குவதால் பெடல் பஞ்சை மிதித்ததுபோல் இறங்கிவிடும். நீலகிரிக்கு அடிக்கடி போகிறவர்கள் இதைச் சிறு செலவென்று எண்ணித் தள்ளிப்போடவே கூடாது. முத்திரை உடைக்காத புட்டியை என் முன்னால்தான் திறந்தார்கள். பெயின்டை அரிக்கும் ஆயில் என்பதால் பானெட் ஓரங்களில் துணி விரித்திருந்தார்கள். கிளட்ச் பிளேட்டைத் தொடவேயில்லை.

பக்கத்தில் நின்ற ஆட்டோமேட்டிக் காருக்கு, அதன் உரிமையாளர் கொண்டுவந்த பொது வகை கியர் ஆயிலை ஊற்ற மறுத்து, கார்க் கையேட்டில் குறித்த வகையையே வரவழைத்ததும் என் மதிப்பைக் கூட்டியது.

இப்போது கியர் தடையின்றி விழுகிறது; எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. கூலி நியாயமானதே. செலவு மதிப்பீட்டை வாய்மொழியாக மட்டும் சொல்வது ஒரு குறை. வேலை தொடங்கும் முன் அதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சனிக்கிழமைகளில் கூட்டம் மிகுதி என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேட்டுச் செல்வது நல்லது.