அண்டாவுக்குள் காயும் கார்கள்: மதுரையில் ஏழு ஆண்டு அனுபவம்

என் அலமாரியில் பதினாறு மாதிரிக் கார்கள் நிற்கின்றன; ஏழு ஆண்டுகளில் செய்தவை. வீட்டுக்கு யாராவது வந்தால் முன்வரிசை ஒன்பதைக் காட்டுவேன். பின்வரிசை ஏழும் சுவரைப் பார்த்தபடி நிற்கும். இங்கே எழுதப்போவதில் பெரும்பகுதி அந்த ஏழும் கற்றுக்கொடுத்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டியில் சட்டம் சட்டமாக வரும் பாலிஸ்டைரீன் பாகங்களை வெட்டி எடுத்து, தேய்த்து, வண்ணம் அடித்து, ஒட்டி, ஒரு காரை உருவாக்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கு. ஜப்பானியக் கிட்டுகள் பெரும்பாலும் 1:24 அளவில் வரும்; நிஜக் காரின் ஓர் அடி இதில் அரை அங்குலம். அமெரிக்கக் கிட்டுகளில் 1:25 அதிகம். நம் தெருக்களில் ஓடிய மாருதி 800-ஐ 1:24-இல் செய்தால் 14 சென்டிமீட்டர்கூட வராது, ஒரு பேனா நீளம்தான். சக்கரம் உருளும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. “இவ்வளவு பணம் போட்டும் இது ஓடாதா?” என்று என் மாமனார் ஒருமுறை கேட்டார். ஓடாது மாமா என்றேன். அதன் பிறகு அவர் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

கிட் வாங்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பொம்மைக் கடைகளில் செய்து முடித்த உலோகக் கார்கள் கிடைக்கும். ஒட்டிச் செய்யும் கிட் வேண்டுமென்றால் தபாலில்தான் வரவழைக்கிறேன். பொம்மைகளுக்கான இறக்குமதிச் சுங்கம் 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது. இந்தக் கிட்டுகளும் அந்த இனத்தில்தான் சேரும். ஆகவே முன்பு யோசிக்காமல் வாங்கிய பெட்டியை இப்போது ஒரு மாதம் யோசித்து வாங்குகிறேன். அது ஒரு வகையில் நல்லதுதான். பரண்மேல் பிரிக்காத பெட்டிகளை அடுக்கி வைக்கும் வியாதி எனக்கு முற்றவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பொழுதுபோக்கின் நூல்களும் குறிப்பேடுகளும் வேறொரு வானிலைக்கு எழுதப்பட்டவை. ஸ்பிரே டப்பாவை அடிப்பதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வையுங்கள், வண்ணம் சீராக வரும் என்பது எல்லோரும் சொல்லும் பாடம். திருநகரில் என் மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குச் சித்திரை மாதம் வந்து பாருங்கள். அங்கே அலமாரியில் இருக்கும் டப்பாவே வெதுவெதுப்பாக இருக்கும். 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்ற எச்சரிக்கையைப் படித்த அன்றே டப்பாக்களை எல்லாம் கீழே படுக்கையறைக் கட்டிலடிக்கு மாற்றினேன்.

முதல் காரை ஒரு மே மாத மதியம் அடித்தேன். ஜப்பானிய டமியா நிறுவனத்தின் 1966 வோக்ஸ்வேகன் பீட்டில். சிறிய கார், உருண்டையான உடம்பு, முதல் கிட்டுக்கு ஏற்றது என்று கேள்விப்பட்டு வாங்கியது. கிட்டில் ஒரு குறையும் இல்லை. பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் அழகைப் பார்த்து அன்று இரவு தூங்கவில்லை. வண்ணம்தான் கைவிட்டது. நாற்பது டிகிரி வெயிலில், டப்பாவின் வாயிலிருந்து காரின் உடம்பைத் தொடுவதற்குள் வண்ணம் பாதி காய்ந்துவிட்டது. விழுந்தது வண்ணப்பொடி. தடவிப் பார்த்தால் உப்புத்தாள். அதைச் சரிசெய்வதாக நினைத்து இன்னும் கிட்டத்தில் பிடித்து, கனமாக அடித்தேன். கதவுகளின் ஓரக் கோடுகள் எல்லாம் வண்ணத்தில் நிரம்பிப் போயின. கதவே இல்லாத பீட்டில் ஆயிற்று.

அந்தக் காரை ஒரு டிபன் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு பழங்காநத்தத்தில் தெரிந்த ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் பஸ்கள் ஓடிய ஊர் இது. வண்டிக்கு வண்ணம் அடிக்கத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? அங்கே முப்பது ஆண்டுகளாக வண்ணம் அடிக்கும் அண்ணன் ஒருவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு நான் கடன்பட்டவன்.

“தம்பி, நிஜக் காரில் மொத்த வண்ணமும் சேர்ந்தே ஒரு நூல் கனம் இருக்காது. இதில் நீங்கள் தோசை ஊற்றியிருக்கிறீர்கள்” என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மாதிரிக் காரில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வண்ணம் ஏறினால், நிஜக் காரில் அது 2.4 மில்லிமீட்டருக்குச் சமம். பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும், ஏதோ மிட்டாய் பூசியது போல இருக்கிறதே என்று தோன்றும். பட்டறையில் அடிக்கும் மெட்டாலிக் வண்ணத்தை அப்படியே இதற்கு அடிக்கக் கூடாது என்பதும் அதனால்தான். அதிலுள்ள மினுமினுப்புத் துகள் நிஜக் காருக்கு அளவானது. 1:24-இல் அது ஜிகினா.

பட்டறைத் தின்னரை நேராக வெறும் பிளாஸ்டிக்கில் காட்டினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு பானெட் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். என்.சி. தின்னர் என்று பட்டறைகளில் சொல்லும் அந்தக் கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். மேற்பரப்பு முழுதும் நெசவு நெசவாக வெடித்தது. நல்ல பிரைமர் இரண்டு மெல்லிய தூவலாக அடியில் இருந்தால் தப்பலாம். அண்ணன் பயன்படுத்தும் டூ-கே கிளியரை, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமற்ற மேல்பூச்சை, ஒரே ஒருமுறை அடித்துப் பார்த்தேன். கண்ணாடி போல வந்தது. ஆனால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைப் பதம் பார்க்கும். துணி முகக்கவசம் அதற்கு ஒன்றும் செய்யாது. அண்ணன் இரவெல்லாம் இருமுவதை அவர் வீட்டார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வேலையை அதோடு விட்டேன். தின்னரில் கரைத்து அடிக்கும் சாதாரண லாக்கர் வண்ணத்துக்கும் கரிக்குடுவை பொருத்திய முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன். இந்தப் பொழுதுபோக்கில் நான் கஞ்சத்தனம் பார்க்காத ஒரே பொருள் அது.

வெயிலுக்குப் பயந்து மழைக்காலத்துக்குக் காத்திருந்தேன். ஐப்பசியில் ஒரு நிஸ்ஸான் ஸ்கைலைன் காருக்குக் கறுப்பு அடித்தேன். பத்து நிமிடத்தில் கார் முழுதும் பால் பூத்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதில் தண்ணீராகப் படிகிறது. அதுதான் அந்த வெள்ளை. அண்ணனிடம் கேட்டபோது, “ரிடார்டர் கொஞ்சம் கலந்து மேலே ஒரு மூச்சு ஊதுங்கள், தானாகத் தெளியும்” என்றார். ரிடார்டர் என்பது வண்ணம் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம். அப்படியே தெளிந்தது. ஏழு ஆண்டில் என் கண்முன் நடந்த ஒரே அற்புதம் அது.

இப்போது என்னிடம் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. தை, மாசி, பங்குனியின் முதல் பாதி: வண்ணம் அடிக்கும் காலம், காலை ஏழிலிருந்து ஒன்பது வரை. மார்கழியில் பனி விலகிய பிறகு அடிக்கலாம். சித்திரை, வைகாசியில் உட்புற வேலைகளும் தூரிகை வேலைகளும் மட்டும். ஆடியில் ஜன்னலையே திறப்பதில்லை. அம்மியைப் பறக்கவிடும் காற்றுக்குத் தூசி எம்மாத்திரம்? மழைக்காலத்தில் ஒட்டுவது, தேய்ப்பது, பட்டி வைத்துச் சமன் செய்வது.

தூசியைச் சொன்னேன், பல்லியைச் சொல்லவில்லை. ஈர வண்ணத்தின் மேல் இரவில் ஒரு பல்லி நடந்து போயிருந்தது. தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியல் உண்டு. பானெட்டில் நடந்தால் என்ன என்று போடவில்லை. பலன் என்னவோ எனக்கு மூன்று நாள் வேலை. இன்னொரு மழை மாலையில், விளக்குக்கு வந்த ஈசல் கூட்டம் ஒரு மஞ்சள் காரைக் கறுப்பாக்கியது. அன்று வீட்டிலிருந்த பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவை மாடிக்குக் கொண்டுபோனேன். அடித்த காரை ஒரு மரக்கட்டையில் நிறுத்தி, அடியில் காற்றுப் போக மூன்று கல் வைத்து, அண்டாவைக் கவிழ்த்து மூடிவிடுவேன். கடையில் விற்கும் எந்த உலர்த்தும் பெட்டியும் எனக்கு இதுவரை தேவைப்படவில்லை.

கருவிகளுக்கு வருகிறேன். காற்றால் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷ்தான் முக்கியம். கைப்பிடியிலேயே பேட்டரி வைத்த சிறியது ஒன்றை முதலில் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று மாதம் உழைத்தது. அந்த மூன்று மாதமும் விக்கி விக்கித்தான் காற்றை விட்டது. பிறகு 0.3 மில்லிமீட்டர் முனையுள்ள, காற்றையும் வண்ணத்தையும் ஒரே விசையில் தனித்தனியே கட்டுப்படுத்தும் ஏர்பிரஷும், தொட்டி வைத்த கம்பிரஸரும் சேர்த்து 9,500 ஆயிற்று. ஐந்து ஆண்டாகியும் ஒரு வாஷர் மாற்றியதோடு சரி. 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். தொட்டி இல்லாத கம்பிரஸரை வாங்காதீர்கள். காற்றோடு வரும் நீரைப் பிடிக்கும் குடுவையும் கட்டாயம் இருக்க வேண்டும். ஐப்பசியில் அதிலிருந்து நான் கரண்டிக் கணக்கில் தண்ணீர் எடுத்திருக்கிறேன்.

பச்சை மூடி போட்ட டமியா எக்ஸ்ட்ரா தின் பசைக்கு ஈடு கிடையாது. இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகையால் தொட்டால் தானே உள்ளே ஓடிப் பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றாக்கிவிடும். ஆனால் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள். நம் வெயிலில் பசையும் ஒரு வாய் குடித்திருக்கும். கண்ணாடிப் பாகங்களுக்கு இதுவும் வேண்டாம், சூப்பர் குளூவும் வேண்டாம். சூப்பர் குளூவின் ஆவி ஜன்னலில் வெள்ளையாகப் படியும். சாதாரண ஃபெவிகாலைக் குச்சி முனையில் தொட்டு ஒட்டுகிறேன். காய்ந்தால் தெரியாது, தவறினால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

1500, 2000 எண் வாட்டர் பேப்பரும் ரப்பிங் காம்பவுண்டும் நம் ஊர் வண்டி வண்ணக் கடைகளிலேயே மலிவாகக் கிடைக்கின்றன. தேய்ப்பதற்கும், தண்ணீரில் நனைத்து ஒட்டும் படமான டீகாலை ஊறவைப்பதற்கும் போர் தண்ணீர் ஆகாது. எங்கள் தெருவின் உப்புத்தண்ணீர் காய்ந்தால் கோலம் போட்டுவிட்டுப் போகும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் ஆறு மாதம் வரும். டீகால் தாள் பழுப்பேறியிருந்தால், பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கிழக்கு ஜன்னலில் ஒட்டி வையுங்கள். வெயில் அதை வெளுத்துக் கொடுக்கும். எனக்கு நான்கு நாள் போதுமானதாக இருந்தது. இந்த ஒரு காரியத்தில் மட்டும் மதுரை வெயில் என் கட்சி.

குரோம் பேனா பற்றி எனக்கு இரண்டு மனம். மொலோடோ பேனாவால் தீட்டினால் பம்பர் கண்ணாடியாக மின்னும். முழுதாக உலரப் பல நாள் ஆகும். அதற்குள் விரல் பட்டால் ஈயப் பாத்திரம். மேலே கிளியர் அடித்தாலும் மங்கும். கடைசியாகத் தீட்டி, அதன் பிறகு காரைத் தொடாமல் இருக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல பொருள்.

ஆண்டுகள் போனபின் என்ன ஆகிறது என்று சொல்கிறவர்கள் குறைவு. ஹார்டுவேர் கடை எனாமலில் அடித்த என் இரண்டு வெள்ளைக் கார்கள் மூன்றாம் ஆண்டிலேயே வெற்றிலை போட்ட பல்லாகிவிட்டன. லாக்கர் வெள்ளையில் அடித்த மினி கூப்பர் ஆறு ஆண்டாகியும் அப்படியே இருக்கிறது. மேற்கு ஜன்னலில் வைத்த கறுப்புக் காரின் கூரை, இரண்டு கோடைக்குப் பின் லேசாக அமுங்கியது. மிருதுவான வினைல் டயர்கள் தம்மிடமுள்ள எண்ணெய்ப்பசையை மெல்ல விடும். அது அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கைத் தின்னும். ஒரு காரைத் தூக்கியபோது நான்கு டயரும் காட்சிப் பலகையோடு நின்றுவிட்டன, கார் மட்டும் கையில் வந்தது. இப்போது ஒவ்வொரு காரின் அச்சுக்கும் அடியில் சிறு மரத்துண்டு கொடுத்து, டயர் மயிரிழை இடைவெளியில் தரையைத் தொடாமல் நிறுத்துகிறேன்.

அந்த முதல் பீட்டிலை நான் தூக்கிப் போடவில்லை. பிரேக் ஆயிலில் இரண்டு நாள் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தேன். வண்ணம் முக்கால்வாசி வந்தது. அடம்பிடித்ததை வாட்டர் பேப்பர் எடுத்தது. கதவுகளின் கோடுகளை ஊசியால் திரும்பக் கீறினேன். போன மாசியில், காலை ஏழரை மணிக்கு, வெளிர் நீலத்தில் மூன்று தூவல். அண்ணனிடம் அதே டிபன் டப்பாவில் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பின்பக்கம் நம்பர் பலகைக்கு மேலே ஒரு இடத்தை விரலால் காட்டினார். அங்கே ஒரு தூசி இருந்தது. அதைத் தவிர அவர் எதுவும் சொல்லவில்லை.

இப்போது ஐப்பசி. மேசையில் ஒரு பி.எம்.டபிள்யூ 2002 (ஆண்டல்ல, மாடலின் பெயர்) பிரைமரோடு நிற்கிறது. இடையில் இரண்டு நாள் வெயில் அடித்ததால் அவசரப்பட்டு அடித்துவிடலாமா என்று ஒரு சபலம். ஆனால் தீபாவளியன்று எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் போட அண்டா வேண்டுமாம், தின்னர் வாசம் போகப் புளி போட்டுத் தேய்த்து வெள்ளிக்கிழமைக்குள் கீழே இறக்கச் சொல்லியிருக்கிறார்கள்.