தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: அணையைப் பற்றி வாதிட ஒரு மேசை

திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வருகிறவர்களின் கண்ணில், தம்பானூர் பேருந்து நிலையத்தின் அருகே சுருள் சுருளாக மேலேறும் ஒரு செங்கல் நிற உருளைக் கட்டடம் படாமல் போகாது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் அதுதான். நாகர்கோவிலில் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால், சில ஆண்டுகளாக நான் அடிக்கடி இங்கே வருகிறேன். பெரும்பாலும் ஒரே நண்பரைச் சந்திக்கத்தான் வருவது. சந்தித்தால், கேரளத்தில் இருந்தாலும் தமிழ்நாடு இயக்கி, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிப் பேசாமல் நாங்கள் எழுந்ததில்லை. ஆகவே காபியின் சுவையைப் பற்றி எழுதுவதைவிட, கருத்தில் முற்றிலும் எதிராக நிற்கும் இருவர் மனம்விட்டு வாதிட இந்த இடம் எப்படி உதவுகிறது என்பதைப் பற்றி எழுதவே எனக்கு ஆசை.

நண்பர் என்னைவிட மூத்தவர்; இடுக்கி மாவட்டத்தில் பெரியாற்றின் கரையில் உள்ள உப்புத்தறையைச் சேர்ந்தவர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களோடு பழகித் தமிழ் கற்றவர் என்பதால் நான் தமிழிலும் அவர் தமிழும் மலையாளமும் கலந்தும் பேசுவோம். நான் அவரை, மலையாளத்தில் அண்ணன் என்று பொருள்படும் சேட்டன் என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். என் தாயார் பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில். தாய்மாமா இன்றும் அங்கே நெல் பயிரிடுகிறார். அணைக்குக் கீழே ஆறு ஓடும் பக்கம் நண்பரின் வீடு. அணையின் நீர் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து வரும் பக்கம் என் மாமாவின் வயல். இருவருக்கும் இது செய்தித்தாள் விவகாரம் அன்று.

எங்கள் முதல் வாதம் இங்கே நடக்கவில்லை. 2021 டிசம்பரில் ஒரு திருமணத்துக்காக எங்கள் ஊருக்கு வந்திருந்தவரை நான் ஒரு தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றேன். பேச்சு அணைக்கு வந்ததும், முன்பின் தெரியாத நாலைந்து பேர் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் சேரச் சேர என் குரலும் ஏறியது. அவருக்காகப் பேசிக்கொண்டிருந்த நான், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்காகப் பேசத் தொடங்கிவிட்டேன். கூட்டத்தில் ஒருவர் மலையாளிகளை இழிவாகச் சொல்லும் ஒரு சொல்லைச் சொன்னார். நான் அதைத் தடுக்கவில்லை. நண்பர் பாதி குடித்த கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கடைக்காரர் சுவரில் தொங்கிய 'இங்கே அரசியல் பேசக் கூடாது' என்ற பலகையைக் காட்டினார். அந்தப் பலகை நம் ஊர்க் கடைகள் பலவற்றில் உண்டு. அன்றைக்கு அது தேவைப்பட்டதற்கு நானும் ஒரு காரணம் என்பது இன்றும் எனக்கு வருத்தம். இரண்டு வாரம் கழித்து நான் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டபோது, "தம்பி, நீ இங்கே வா, தம்பானூரில் உட்கார்ந்து பேசுவோம்" என்றார்.

இந்தக் கட்டடத்தில் படிக்கட்டு வைத்த மாடிகள் இல்லை; தரையே ஒரு சாய்தளமாகச் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி, கட்டடத்தோடு சேர்த்தே கட்டிய மேசைகளும் பெஞ்சுகளும் வரிசையாக அமைந்திருக்கின்றன. தரை சாய்ந்திருந்தாலும் மேசை மட்டமாக நிற்கிறது. சுவரில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியிருப்பதால் காற்றும் வெளிச்சமும் சிறு சிறு சதுரங்களாக உள்ளே வருகின்றன. இந்த அமைப்பால் வாதத்துக்கு இரண்டு நன்மைகள் உண்டு. பெஞ்சு அசையாது என்பதால் கோபம் வந்தாலும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழ முடியாது. எதிரில் இருப்பவரின் முகம் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. அதைவிடப் பெரிய நன்மை, சுவர் வளைந்து போவதால் நம் மேசையிலிருந்து ஒன்றிரண்டு மேசைகளுக்கு மேல் கண்ணில் படுவதில்லை என்பது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் இல்லை. கைதட்ட ஆள் இல்லாத இடத்தில், மேசையில் இருக்கும் ஒருவரைத்தான் நாம் சம்மதிக்கவைக்க வேண்டியிருக்கிறது.

இந்த நிறுவனமே ஓர் அரசியல் போராட்டத்தில் பிறந்தது. காபி வாரியம் நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1950-களில் மூட முடிவெடுத்தபோது, வேலை இழந்த தொழிலாளர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டியவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். கேரளத்தின் முதல் கிளை 1958-ல் திருச்சூரில் திறக்கப்பட்டது. விசிறி மடிப்புத் தலைப்பாகையும் வெள்ளைச் சீருடையுமாகப் பரிமாறுகிறவர்கள் அந்தக் கூட்டுறவுத் தொழிலாளர்கள். என் நண்பர் கம்யூனிஸ்ட் அல்லர். அக்கட்சியின் கொள்கைகளை நாள் முழுதும் மறுத்துப் பேசக்கூடியவர். ஆயினும் இந்த வரலாற்றை எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான், அதுவும் பெருமையோடு.

நான் முதல்முறை வந்த அன்று, அவர் உப்புக் குடுவையை மேசையின் ஓரத்தில் வைத்து, "இது அணை" என்றார். தண்ணீர் கிளாஸில் விரலை நனைத்து மேசைமேல் ஆற்றை வரைந்தார்: வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, பிறகு உப்புத்தறை. வண்டிப்பெரியாற்றில் ஒரு சொட்டு வைத்து, "இது என் தங்கை வீடு" என்றார். 2021 டிசம்பர் தொடக்கத்தில் அணையின் மதகுகள் இரவில் திறக்கப்பட்டபோது, முற்றத்தில் ஏறிய தண்ணீரில் கால் வைத்துத்தான் அவள் விழித்தாளாம். வயதான மாமியாரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாளாம். கேரள முதல்வர் தமிழக முதல்வருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி நானும் படித்திருந்தேன். ஆனால் அந்த ஈரச் சொட்டைப் பார்த்தபோது என்னிடம் பதில் இல்லை. இரவில், போதிய முன்னறிவிப்பு இல்லாமல் திறந்தது தவறு என்று சொன்னேன். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் அதை என்னால் சொல்லியிருக்க முடியாது.

அடுத்து என் முறை. அணையைக் கட்டி முடித்தது 1895-ல். அதற்கு முன்பு, 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சத்தில் மதுரைச் சீமை பட்ட பாட்டைச் சொன்னேன். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு இந்தத் தண்ணீர்தான் ஆதாரம் என்றேன். மாமாவின் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களின் வரிசையிலேயே அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் படமும் மாட்டியிருப்பதைச் சொன்னபோது, நண்பர் எழுதுவதுபோல் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே கேட்டார். அணையின் பாதுகாப்பு பற்றிய அச்சத்தால் 1979-ல் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்த பிறகு, அணையின்மேல் கான்கிரீட் தொப்பி, எஃகுக் கம்பி நங்கூரம், பின்புறம் கான்கிரீட் தாங்கு சுவர் என்று பலப்படுத்தும் பணிகள் முடிந்திருப்பதையும், 142 அடிக்கு உயர்த்தலாம் என 2006-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தும் கேரளம் சில வாரங்களில் சட்டம் திருத்தி அதைத் தடுத்ததையும், அந்தத் திருத்தத்தை 2014-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லாது என்றதையும் வரிசையாக அடுக்கினேன். பெரிய அணையை ஒட்டிய சிறு துணை அணையான பேபி அணையைப் பலப்படுத்துவதற்காக 15 மரங்களை வெட்டக் கொடுத்த அனுமதியை 2021 நவம்பரில் கேரள அரசே திரும்பப் பெற்றது சரியா என்றும் கேட்டேன். நெடுநேரம் கழித்து, "அது சரியில்லைதான்" என்றார்.

நாங்கள் உடன்பாட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். புதிய அணை வேண்டும் என்கிறார், தேவையில்லை என்கிறேன். 1886-ல் போட்ட 999 ஆண்டு ஒப்பந்தம் வெள்ளைக்காரன் திருவிதாங்கூரை நெருக்கி வாங்கியது என்பது அவர் கட்சி. அதன்மேல் நான்கு தலைமுறை வாழ்க்கை எழுந்துவிட்டது என்பது என் கட்சி. குரல் உயரும், மேசையில் கை விழும். ஒரு முறை அவர் மலையாளத்துக்கு மாறி மூச்சுவிடாமல் பேசியபோது, பரிமாறுகிறவர் காபியை ஓசையில்லாமல் வைத்துவிட்டுப் போனார். எங்களை ஒரு பொருட்டாகவே பார்க்கவில்லை. எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: தமிழர்களை இழிவாகச் சொல்லும் 'பாண்டி' என்ற சொல்லை அவர் சொல்வதில்லை, நானும் அன்று கடையில் கேட்ட சொல்லைச் சொல்வதில்லை. 'உங்கள் ஆட்கள்' என்று தொடங்கும் வாக்கியத்தைக்கூட இருவரும் பாதியில் நிறுத்திக்கொள்கிறோம்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காபி நம் ஊர் டிகிரி காபி அன்று. லேசானது, நீண்ட பேச்சுக்கு ஏற்றது. கட்லெட் நன்றாக மொறுமொறுவென்று வருகிறது. மசால் தோசைக்குள் உருளைக்கிழங்கோடு பீட்ரூட்டும் சேர்ந்து சிவந்திருக்கும்; எனக்கு அந்த இனிப்பு பிடிக்காது, நண்பருக்கு அது இல்லாவிட்டால் தோசையே இல்லை. விலை எளியவர்களுக்கும் கட்டுப்படியாகும்.

மூட்டு வலி உள்ளவர்கள் சாய்தளத்தில் ஏறாமல் கீழ்ச்சுற்றிலேயே இடம் பார்ப்பது நல்லது. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் காலையில் வரிசையாக நிற்பார்கள்; அவர்களைக் காக்கவைத்து வாதிடுவது முறையாகாது. நாங்கள் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு, இரண்டாவது சுற்றுக்கும் மேலே உட்காருகிறோம். ஜூன் மாதம் கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும்போது மாமா வீட்டுக்கு வருவதாக நண்பர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பு நான் வண்டிப்பெரியாறு சென்று அவர் தங்கை வீட்டு முற்றத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் நிபந்தனை. அடுத்த மாதம் போகிறேன்.