ஷோரூமில் சொல்லும் மைலேஜை நம்பி மலை ஏறாதீர்கள்

இடுக்கி, கம்பம் பக்கம் புதுக் கார் எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

எனக்கு வண்டிப்பெரியார். ஏலக்காய் வேலையாக அடிக்கடி கம்பம் இறங்கி ஏற வேண்டும். கோட்டயத்தில் ஒரு ஷோரூமில் பெட்ரோல் கார் எடுத்தேன். சேல்ஸ் பையன் தமிழிலேயே பேசினான். "அண்ணா, கம்பெனி 24 சொல்லுது. மலையில 20-க்குக் குறையாது, நான் கேரண்டி." வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்பினான். இப்போது கிடைப்பது 13, நல்ல நாளில் 14. அதுவும் டேங்கை நிரப்பி, ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கு. டேஷ்போர்டு திரை எப்போதும் ரெண்டு மூணு கூட்டித்தான் காட்டுகிறது.

சர்வீஸில் கேட்டால், "மூணாவது சர்வீஸ் முடியட்டும், தானா ஏறும்" என்றார்கள். முடிந்தது, ஏறவில்லை. சண்டை போட்ட பிறகு ஒருவர் என்னுடன் காரில் உட்கார்ந்தார். ஏசியை அணைத்தார், கண்ணாடிகளை ஏற்றிவிட்டார், திரையில் பழைய கணக்கை அழித்தார். சமதள ரோட்டில் 50-ஐத் தாண்டாமல் உருட்டினார். வேர்த்து வழிந்தது இருவருக்கும். திரையில் 22 வந்ததும் ஓரங்கட்டி, சர்வீஸ் விவரம் எழுதும் ஜாப் கார்டை நீட்டினார். 'மைலேஜ் சரியாக உள்ளது, வாடிக்கையாளருக்குத் திருப்தி' என்று முன்பே எழுதியிருந்தது. "முண்டக்கயத்துலருந்து குட்டிக்கானம் ஏறிக் காட்டுங்க சார், போடுறேன்" என்றேன். சிரித்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள், அந்த ஒரு கையெழுத்துதான் பின்னால் அவர்களுக்குச் சாட்சி.

கம்பெனி சொல்லும் 24 எப்படி வந்தது? புனேயில் வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏஆர்ஏஐ மாதிரியான மையத்தில் காரை உருளைகள்மேல் ஏற்றி, ஏறக்குறைய 20 நிமிடம் ஓட்டி எடுக்கிற கணக்கு அது. வேகம் 90-ஐத் தாண்டாது. ஏசி ஓடாது, ஏற்றம் இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை, முன்னால் ஊர்ந்து போகும் லாரியும் இல்லை. அந்தச் சோதனைக்கு அந்த எண் சரி. அதைக் குமுளி மலைக்குக் கேரண்டி என்று விற்பதுதான் ஏமாற்று.

மைலேஜ் மட்டுமில்லை, புகைச் சோதனையிலேயே தில்லுமுல்லு செய்ததும் உண்டு. நம் பக்கம் டாக்ஸியாக ஓடிய டவேரா ஞாபகம் இருக்கிறதா? 2013-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 1.14 லட்சம் டவேராக்களைத் திரும்ப அழைத்தது. புகை குறைவாக வரும் இன்ஜினாகப் பொறுக்கி, சோதனை வண்டியில் மாட்டியிருந்தார்கள். 2015-ல் மாட்டிய ஃபோக்ஸ்வேகன் இன்னும் ஒரு படி மேலே. சோதனை நடப்பதைக் காரே கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருள், உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகளில். அமெரிக்காவில் காரை ரோட்டில் ஓட்டி அளந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. இங்கும் 2023 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியின் இரண்டாம் கட்டத்தில் புதுக் கார்களின் புகையை ரோட்டில் வைத்தும் அளக்க வேண்டும். விளம்பர மைலேஜ் மட்டும் இன்னும் உருளையை விட்டு இறங்கவில்லை. பங்க்கில் வாங்கும் புகைச் சான்றிதழோ, நிறுத்திய வண்டியில் குழாயை விட்டுப் பார்ப்பது. ஏற்றத்தில் என்ன கக்குகிறது என்று அது சொல்லாது.

"கேஸ் போட்டு என்ன கிடைக்கும்?" என்பவர்களுக்கு: ஃபோர்டு டீசல் கார் ஒன்றுக்கு விளம்பரத்தில் லிட்டருக்கு 32 என்றிருந்தது. நிபுணர் ஓட்டிப் பார்த்ததில் 19.6. திருச்சூர் நுகர்வோர் ஆணையம் 2022-ல் 3.10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

அதனால் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, உங்கள் ரோட்டில் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் மெசேஜ், விளம்பர நோட்டீஸ், பெட்ரோல் பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வாங்கியது எந்த ஊரானாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் போடலாம். 2 வருடத்துக்குள் போட வேண்டும். கார் விலை 5 லட்சத்துக்கு மேல், 10 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் பாருங்கள்.