ஆறு வருட ரீலும் ஒரு மயிரிழை இடுக்கும்

“சித்தப்பா, உங்களிடம் இருக்கிற அதே ரீல் இப்போது விலை குறைந்திருக்கிறது. வாங்கிவிடட்டுமா?”

அண்ணன் மகனிடமிருந்து இந்தச் செய்தி வந்தபோது, அவன் சொன்ன அதே ரீல், அதாவது தூண்டில் கோலில் லைனைச் சுற்றிவைக்கிற சக்கரம், எங்கள் சமையலறை மேசையில், ஒரு பழைய துண்டின் மேல், பதினொரு பாகங்களாகக் கிடந்தது. என் கையெல்லாம் கிரீஸ். பதில் எழுத நான்கு நாளாயிற்று. எழுதியது ஒரே ஒரு சொல். அது அவனுக்கு நியாயமாகப் படவில்லை போலிருக்கிறது, காரணம் கேட்டான். காரணம் கொஞ்சம் நீளமானது.

அவன் வேலை மாறி சால்ட் லேக் சிட்டிக்குப் போயிருக்கிறான். பக்கத்திலேயே புரோவோ ஆறு, பிரவுன் டிரௌட் என்கிற குளிர்நீர் மீனுக்குப் பேர்போனது. நான் இருப்பது டென்வருக்குத் தெற்கே. என் ஆறு சவுத் பிளாட். இரண்டிலும் நாங்கள் தூண்டில் போடுவது அணைக்குக் கீழே ஓடுகிற குளிர்ந்த நீரில்தான். ஆகவே என் பாடு அவனுக்கும் பொருந்தும். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அவனுக்குத் தெரியும், அது போதும். ஐந்தாம் எண் லைனுக்கான ரீல் (எண் லைனின் எடையைக் குறிக்கும்), வார்ப்பு அலுமினியம், ஓடுகிற மீனைத் தடுக்க டிஸ்க் டிராக் என்கிற பிரேக், நூறு டாலருக்குள். மற்ற விவரங்கள் அட்டைப்பெட்டியின் மேலேயே இருக்கும்.

முதலில் கடைக்காரர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிரௌட் பிடிப்பதில் ரீலுக்குப் பெரிய வேலை கிடையாது. முப்பது சென்டிமீட்டர் மீன் கடித்தால் இடது கையால் லைனை இழுத்து இழுத்துக் காலடியில் விடுகிறோம். மீன் வலைக்குள் வந்துவிடுகிறது. ரீல் அதுவரை சும்மா வேடிக்கை பார்க்கிறது. ஃப்ளையை, அதாவது பூச்சி போலக் கட்டிய தூண்டில் முள்ளை, முடிகிற கடைசி மெல்லிய நூல்தான் டிப்பெட். 5எக்ஸ் என்கிற அளவில் அதன் தடிமன் 0.15 மில்லிமீட்டர். ஏறக்குறைய இரண்டு கிலோ இழுவைக்கே அறுந்துவிடும். அப்படியிருக்க டிராக்கை அரை கிலோவுக்கு மேல் இறுக்கி வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? கடல் மீனுக்கு ஆகிற டிராக்கை டிரௌட் ரீலில் வைத்து விற்பது, மாட்டு வண்டிக்கு லாரி பிரேக் பூட்டுவது போலத்தான். இந்த ஆறு வருடத்தில் மீன் லைனை உருவிக்கொண்டு ஓடி, டிராக் நிஜமாகவே வேலை செய்த தருணங்களைப் பத்து விரல்களுக்குள் எண்ணிவிடுவேன்.

1874இல் சார்லஸ் ஆர்விஸ் காப்புரிமை வாங்கிய ரீல், லைன் சுற்றுகிற ஒல்லியான ஸ்பூலும் பக்கமெல்லாம் துளைகளுமாக இருக்கும். நனைந்த லைன் காற்றுப் பட்டு உலரட்டும் என்று போட்ட துளைகள். இன்றைய பிளாஸ்டிக் லைனுக்கு அந்தக் கவலையே இல்லை, ஆனாலும் என் ரீலிலும் துளைகள் இருக்கின்றன. எடையைக் குறைக்கின்றன, பார்க்க அழகாகவும் இருக்கின்றன. இங்கிலாந்தின் ஆனிக் ஊரில் ஹார்டி நிறுவனம் 1891இல் கொண்டுவந்த ‘பெர்ஃபெக்ட்’ ரீலை இன்றும் கையில் வைத்துக்கொண்டு ஆற்றில் நிற்பவர்கள் உண்டு. நூற்று முப்பது வருடங்களில் டிரௌட் மாறவில்லை. ரீல் மாற வேண்டிய அவசியமும் அவ்வளவாக இல்லை.

சரி, என் ரீலுக்கு வருகிறேன். திட்டுவதற்கு முன் அதற்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்று முறை பாறையில் விழுந்திருக்கிறது. ஒரு முறை காரின் கூரை மேல் வைத்தபடி மறந்து வண்டியை எடுத்துவிட்டேன். சவுத் பிளாட் கரையில் இருக்கிற டெக்கர்ஸ் ஊர்ப் பாலம் தாண்டுவதற்குள் தடால் என்று சத்தம். போய் எடுத்துப் பார்த்தால் கறுப்புப் பூச்சு போன இடத்தில் வெள்ளி பளபளக்கிறதே தவிர, ஸ்பூல் கோணவில்லை, கைப்பிடி ஆடவில்லை. மணலையும் தாங்கியிருக்கிறது. 2002இல் ஹேமன் காட்டுத்தீ என் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மலைகளை மொட்டையாக்கிவிட்டுப் போனது. பைக்ஸ் பீக் கிரானைட் பொடிந்த சரளை இன்னமும் மழைக்கு மழை ஆற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கரையில் ரீலை வைத்தால் கல் உப்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆற்று நீரில் இரண்டு முறை அலசினால் போய்விடும். ஜனவரியில் கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும், ஊதி ஊதி உதடு மரத்துப்போகும். அந்தக் குளிரில் டிராக் ஒரே ஒரு முறைதான் உறைந்தது. அதுவும் நான் அதை நீரில் முக்கியதால்.

இன்னொன்று, அதன் சத்தம். மலிவு ரீல்களில் பெரும்பாலும் தகர டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கிய ஓசை வரும். இது அப்படியல்ல. லைனை மெதுவாக உருவினால் சுவர்க்கோழி கத்துவது போல ஒரு சீரான கிர்ர். ஆகஸ்ட் மாதக் காலை, டிரைக்கோ பூச்சிகள் ஆற்றின் மேல் புகைபோல எழும்புகிற நேரம், கரையில் யாரும் இல்லை. முதல் வீச்சுக்காக லைனை உருவும்போது அந்தக் கிர்ர் கேட்கும். அதற்காகவே தேவைக்கு மேல் இரண்டடி உருவியிருக்கிறேன். என் மனைவிக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறாள். வீட்டுக்குள் இதைச் சுற்றக்கூடாது என்பது சட்டம்.

இனி அந்த இடுக்கு.

ஸ்பூலின் விளிம்புக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. எல்லா ரீலிலும் இருக்கும், இல்லாவிட்டால் சுற்றாது. என் ரீலில் அது 0.6 மில்லிமீட்டர். இரண்டு விசிட்டிங் கார்டுகளைச் சேர்த்து நுழைக்கலாம். ஃப்ளை லைன் அதில் போகாது, தடிமன் அதிகம். லைனின் நுனியில் தொடங்கி டிப்பெட் வரை மெலிந்துகொண்டே போகிற நூல்தான் லீடர். அதன் அடிப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர். அது போகும். நடுப்பகுதி 0.3 மில்லிமீட்டர். அது போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் போகும். ஒரு மடுவிலிருந்து இன்னொரு மடுவுக்கு நடக்கும்போது லைனைச் சுற்றி வைப்போமே, அப்போது கவனம் பிசகி லீடர் வரைக்கும் சுற்றிவிட்டால் தொலைந்தது. பாம்பு பொந்துக்குள் போவது போல நழுவி ஸ்பூலுக்குப் பின்னால் போய் அச்சில் சுற்றிக்கொள்ளும். இழுத்தால் இறுகும். ஸ்பூலைக் கழற்ற வேண்டும். இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, விறைத்த விரல்களால், கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கழற்றிய ஸ்பூலைப் பல்லில் கடித்துக்கொண்டு. ஆறு வருடமாக, பத்து முறை ஆற்றுக்குப் போனால் ஏழு முறை இதைச் செய்கிறேன்.

என் அப்பா கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் முப்பத்தோரு வருடம் நின்றவர். பம்ப் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைவார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அந்தத் துண்டு பழைய இரும்போடு போய்விடும். வீட்டில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைக்கூடக் கண்ணாலேயே அளந்து முகம் சுளிப்பார். அவர் பிள்ளையின் கையில் 0.6 மில்லிமீட்டர் இடுக்கு! வார்ப்பில் செய்து லேசாகத் தேய்த்து அனுப்பிய சாமான் அது. முழுக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்த ரீலில் இந்த இடுக்கைப் பாதியாக்கிவிடலாம். விலை ஏன் மூன்று மடங்கு என்பதற்குப் பாதி விடை அங்கேதான் இருக்கிறது. டிராக், எடை, பூச்சு என்று எதை எதையோ ஒப்பிட்டு வாங்கினேன். ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துச் சொருகிப் பார்க்கத் தோன்றவில்லை.

சமாளிக்காமலும் இல்லை. அச்சில் 0.2 மில்லிமீட்டர் வாஷர் ஒன்று போட்டேன். முன்பக்கம் இடுக்கு குறைந்தது, பின்பக்கம் ஸ்பூல் சட்டத்தில் உரச ஆரம்பித்தது. சுவர்க்கோழி கழுதையாகிவிட்டது. கழற்றி எறிந்தேன். லீடர் உள்ளே வராதபடி ஃப்ளையைக் கோலின் அடி வளையத்தில் மாட்டி, லீடரை ரீலுக்குக் கீழே சுற்றிக் கொண்டுபோகிற வழி ஒன்று உண்டு. நல்ல வழிதான். ஆற்றுக்குப் போகிற கில் பாதையில் மூச்சிரைக்க நடந்து, பாறைக்குப் பின்னால் மீன் மூக்கை நீட்டுவதைப் பார்த்த பிறகு அந்த வழியெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது?

மேசையில் பதினொரு துண்டுகளாகக் கிடந்ததற்குக் காரணம் வேறு. டிராக் திடீரென்று வழுக்க ஆரம்பித்திருந்தது. குமிழை எவ்வளவு திருகினாலும் ஸ்பூல் சும்மா சுற்றியது. நிறுவனத்துக்கு எழுதினேன். அனுப்பிவையுங்கள், கையாளும் கட்டணம் உண்டு, ஆறு வாரம் ஆகலாம் என்று பதில் வந்தது. கட்டணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் வேறொரு பழைய ரீலே கிடைக்கும். நானே திறந்தேன். உள்ளே ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற உருளை பேரிங். அதன் சின்னச் சின்ன உருளைகள் அச்சைக் கவ்விப் பிடித்தால்தான் டிராக்குக்கு வேலை. அவை கிரீஸில் குளித்துக்கொண்டிருந்தன. யார் பூசியது? நான்தான். இரண்டு வருடங்களுக்கு முன், பராமரிப்பு என்ற பெயரில், தாராளமாக. கவ்வ வேண்டியது வழுக்கத்தானே செய்யும். ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். புதிதுபோல ஆகிவிட்டது. ஆகவே இந்தக் குற்றச்சாட்டை ரீலின் கணக்கிலிருந்து என் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். பேரிங்கில் கிரீஸ் பூசாதே, தம்பி.

அந்த நிமிடம் அவனுக்குப் பதில் எழுதியிருந்தால் ‘வாங்கு’ என்றுதான் எழுதியிருப்பேன். ஆறு வருடம் உழைத்த சாமான், தன்னால் கெட்டதே இல்லை, அரை மணி நேரத்தில் கையாலேயே சரியாகிறது. நூறு டாலருக்குள் வேறென்ன வேண்டும்? ஆனால் கை கழுவிவிட்டு எழுதலாம் என்று விட்டேன். அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

சவுத் பிளாட்டின் சீஸ்மன் பள்ளத்தாக்கு, காலை எட்டரை, வெயில் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. அங்கே பிடித்த மீனை உடனே திரும்ப விட வேண்டும் என்பது விதி, அதனால் மீன்கள் பெரியவை, படித்தவையும்கூட. கொரியாவிலிருந்து வந்து டென்வரில் குடியேறிய ரிம் சுங் இந்த ஆற்றுக்காகவே கட்டிய ஆர்எஸ்2 ஃப்ளை, 22ஆம் அளவு, அரிசி மணியில் பாதி. நான்காவது வீச்சில் ஒரு ரெயின்போ டிரௌட் எடுத்தது. ஐம்பது சென்டிமீட்டருக்குக் குறையாது. கீழ்நோக்கி ஓடியது. டிராக் பிடித்தது, அழகாக விட்டுக் கொடுத்தது, சுவர்க்கோழி பாடியது. பேரிங் கழுவிய பெருமையில் நான் நின்றேன். லைன் தளர்ந்துவிட்டது.

டிப்பெட் அறுந்திருந்தால் மனம் ஆறியிருக்கும், அது அறுவதற்கென்றே இருப்பது. அறுந்தது லீடரின் நடுப்பகுதி. டிப்பெட்டைவிட இரு மடங்கு தடிமன் உள்ள இடம். நுனியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் கத்தியால் கீறியது போல ஒரு வெட்டு. முந்தைய மடுவில் இடுக்குக்குள் போனதே, அப்போது ஸ்பூலின் விளிம்பு போட்ட வெட்டு. உருவி எடுத்த அவசரத்தில் விரலால் தடவிப் பார்க்காதது என் தவறு. அந்த அவசரத்தை உண்டாக்கியது யார்?

பாறையில் உட்கார்ந்து டீ குடித்தேன். இரண்டாவது மீனுக்கு முயலவில்லை. அங்கே சிக்னல் கிடையாது. திரும்பி வந்து, டெக்கர்ஸும் தாண்டி, சிக்னல் வந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி அவனுக்கு எழுதினேன்: ‘வாங்காதே.’

பிறகு ஏதாவது மாற்று சொல்ல வேண்டும் அல்லவா? லாம்சன் லிக்விட் ரீலைப் பார், டிராக் உள்ளே தண்ணீர் போகாதபடி மூடியிருக்கும். எடை குறைவாக வேண்டும், டிஸ்க் டிராக் வேண்டாம் என்றால் ரெடிங்டன் ஸீரோ. நண்பர்களிடம் வாங்கிச் சுற்றிப் பார்த்திருக்கிறேன், ஆறு வருடம் வைத்திருந்தவன் போலப் பேச முடியாது. எதை வாங்கினாலும் கடைக்குப் போ, விசிட்டிங் கார்டு இரண்டு கொண்டுபோ. ஒன்று நுழைந்தால் பரவாயில்லை. இரண்டும் நுழைந்தால் கீழே வைத்துவிடு. கடைக்காரர் முறைத்தால் சித்தப்பா சொன்னார் என்று சொல்.

அவன் விடவில்லை. “நீங்களும் மாற்றப்போகிறீர்களா, சித்தப்பா?”

விலை நிஜமாகவே குறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ரீலோடு ஸ்பூலும் தனியாகத் தள்ளுபடியில் இருந்தது. ஒன்று வாங்கிவிட்டேன். வார்ப்பில் வார்ப்புக்கு வித்தியாசம் இருக்கும், இதில் இடுக்கு கொஞ்சம் குறைவாக வாய்க்கலாம். வியாழக்கிழமை வருகிறதாம். அப்பாவின் வெர்னியர் அளவுகோலைத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறேன்.