இறால் குளத்துக் கொட்டகையில் லிப்ஜிபிஐஓடி: மூன்று வருட அனுபவம்

தேவிபட்டினத்துக்கு வடக்கே, மச்சானின் இறால் குளத்தில், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்களை ஓட்டுவது ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினி. பை ரிலே என்ற சின்ன மின் சுவிட்சைத் தட்டும், ரிலே கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை இழுக்கும், மோட்டார் சுற்றும். அந்த முதல் தட்டு, பையின் இணைப்புக் கம்பிகளை (பின்களை) நிரலிலிருந்து இயக்க உதவும் லிப்ஜிபிஐஓடி என்ற சின்ன லைப்ரரியின் வேலை. விடிவதற்கு முன்னால்தான் குளத்தில் ஆக்சிஜன் ரொம்பக் குறையும். அப்போது ஏரேட்டர் நின்றால் இறால் மேலே வந்து திணறும்.

முதலில் அதன் மூல நிரலை இறக்கி நானே கம்பைல் செய்து, அதாவது இயங்கும் வடிவத்துக்கு மாற்றி, வைத்திருந்தேன். நன்றாகத்தான் ஓடியது. ஒரு வாடைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்து எஸ்டி கார்டு செத்தது. நான் வெளியூரில். புதுக் கார்டில் மறுபடி கம்பைல் செய்ய, மச்சானுக்குப் போனில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். "மாப்ள, ஏதோ ஹெட்டர் இல்லைங்குது" என்றார். கம்பைல் செய்யத் தேவைப்படும் கோப்பு அது. அன்று ராத்திரி முழுக்க சுவிட்சைக் கையால் போட்டுக்கொண்டு குளத்தோரமே உட்கார்ந்திருந்தார். எனக்கு இன்றும் மனசு கேட்கவில்லை.

அப்புறம் டெபியன் என்ற லினக்ஸ் தயாராகக் கட்டித் தரும் பேக்கேஜுக்கே மாறினேன். லைப்ரரி தனி, ஹெட்டர்கள் தனி, பைத்தான் இணைப்பு தனி, பின்னை ஆன், ஆஃப் செய்யும் ஜிபிஐஓசெட் போன்ற கட்டளைகள் தனி என்று ஒரே மூலத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் கட்டளைகள் போதும். 'ஆப்ட் இன்ஸ்டால் ஜிபிஐஓடி' என்று அடித்தால் தேவையான லைப்ரரியும் கூடவே வரும். கம்பைலரே வேண்டாம். கொட்டகையின் ஒற்றைக் கோடு சிக்னலிலும் இறங்கிவிடுகிறது.

பெயரில்தான் குழப்பம். டெபியன் 12இல் லிப்ஜிபிஐஓடி2 என்ற பேக்கேஜுக்குள் இருப்பது 1.6, டெபியன் 13இல் லிப்ஜிபிஐஓடி3, உள்ளே 2.2. பேக்கேஜ் பெயரின் எண் வெளியீட்டு எண் இல்லை, பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தால் கூடும் எண்.

அந்த மாற்றம் சும்மா இல்லை. பழைய ஸ்கிரிப்டில், ஜிபிஐஓசெட் ரிலேயின் பின்னை ஆன் நிலையிலேயே பிடித்து நிற்க 'மோட்=சிக்னல்' கொடுத்திருந்தேன். புதியதில் அந்த ஆப்ஷனே கிடையாது. கேட்காமலே பிடித்து நிற்கிறது. ஜிபிஐஓசிப்0 என்ற சிப் பெயருக்கு முன்னால் மைனஸ் சி வேறு வேண்டும். பழைய வரியோடு குளத்துக்குப் போயிருந்தால் ரிலே தட்டியே இருக்காது. வீட்டில் உதிரி ரிலேயை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

போன மாதம் உப்புக்காற்றில் பலகையின் பின்கள் பச்சை பூத்துவிட்டன. மச்சானே புதுப் பலகை மாட்டி, புதுக் கார்டில் பேக்கேஜையும் ஏற்றிவிட்டார். எனக்குப் போன் வந்தது அதற்கப்புறம்தான்: "மாப்ள, ஓடுது."