ரெண்டே நாளில் மூட்டு வலி போனால் சந்தேகப்படுங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பக்கத்துப் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில்தான், அம்மாவின் முட்டி வலிக்கு அந்த மூலிகைக் கேப்சூலை வாங்கினேன். அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கிக் கொடுத்தவன் நான். போத்தல் 60 வெள்ளி. "கெமிக்கல் ஒண்ணும் இல்லண்ணே, எல்லாம் வேரு, பட்டை. எங்கம்மாவே சாப்பிடுறாங்க" என்றார் விற்றவர். பேச்சு தேன் மாதிரி.

ரெண்டு நாளில் வலி போய்விட்டது. மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கும் அம்மா, கையில் காய்கறிப் பையோடு ஒரே மூச்சில் நாலாவது மாடி ஏறினார். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மாறாக, இன்னும் ரெண்டு போத்தல் வாங்கினேன்.

மூன்றாம் மாதம் அம்மா முகம் பூரி மாதிரி உப்பியது. "உடம்பு தேறிடுச்சு" என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். வளையல் பட்ட இடமெல்லாம் ஊதா ஊதாவாகக் கன்றியது. எப்போதும் 7-ல் நிற்கும் இனிப்பு நீர் அளவு, அரசாங்க கிளினிக்கில் பார்த்தபோது 16. விற்றவருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். "கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க" என்றார். அதற்குப் பிறகு அனுப்பியதற்கெல்லாம் வெறும் நீல டிக்தான்.

பயந்துபோய் அன்றே கேப்சூலை நிறுத்தினேன். இதுதான் நான் செய்த பெரிய தப்பு. நாலாம் நாள் அம்மாவால் எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தி, தலைசுற்றல், பிரஷர் பாதாளத்தில். மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டதே, "வெளியே ஏதாவது வலி மருந்து, ஜாமு மாதிரி நாட்டு மூலிகை மருந்து சாப்பிட்டாங்களா?" காலை ரத்தத்தில், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோல் மிகக் குறைவு. இப்படிக் கேப்சூல் மூலம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடுமாம். திடீரென்று மருந்தை நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. உயிருக்கே ஆபத்து.

போத்தலில் மால் (MAL) எண், அதாவது மருந்துப் பதிவு எண், அச்சடித்துத்தான் இருந்தது. மருந்துகளைப் பதிவு செய்யும் சுகாதார அமைச்சின் என்.பி.ஆர்.ஏ. (NPRA) தளத்தில் தட்டிப் பார்த்தேன். வேறு ஏதோ இருமல் மருந்தின் எண். பதிவான மருந்தில் இருக்க வேண்டிய ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லை. ரெண்டையும் வாங்கும்போதே பார்த்திருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. மூட்டு வலிக்கென்று விற்கும் இப்படிப்பட்ட சரக்கில் டெக்ஸாமெத்தாசோன், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதாக அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ரெண்டுமே டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து. மீதிப் போத்தலோடு மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுத்துவிட்டேன்.

ஸ்டீராய்டே விஷம் என்று சொல்ல வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், அம்மாவைக் காப்பாற்ற டாக்டர்கள் கொடுத்ததும் ஸ்டீராய்டுதான். ஆனால் இது அளவு தெரிந்த மருந்து. காலையில், சாப்பிட்ட பிறகு; அவர்கள் எழுதித் தந்த தேதிப்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். காய்ச்சல் வந்தாலோ, பல் பிடுங்கப் போனாலோ ஸ்டீராய்டு எடுப்பதை முதலில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஒரு கேப்சூலை மாதக்கணக்கில் சாப்பிட்டால், நீங்களாக நிறுத்தாதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அம்மாவின் முகம் வடிந்துவிட்டது. முட்டி வலி திரும்பி வந்துவிட்டது. நேற்று இரவு தைலம் தேய்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "அந்தப் போத்தல் எல்லாத்தையுமே குடுத்திட்டியாப்பா?"