நட்சத்திர அட்டையா, கோலிக்குண்டு ஜாடியா?

மொரீசியஸ் ஆரம்பப் பள்ளியில் தமிழ் பீரியட் மணி அடித்ததும் வகுப்பு கலையும். இந்திக்கு ஒரு கூட்டம், உருதுக்கு ஒரு கூட்டம், தெலுங்கு, மராத்தி, கிரியோல் என்று பிள்ளைகள் பிரிந்துபோக, தமிழ் எடுத்தவர்கள் இரண்டு மூன்று பிரிவுகளிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓர் அறையில் வந்து சேர்வார்கள். ஐந்து, ஆறு, ஏழு வயது. வீட்டிலும் மைதானத்திலும் பேசுவது கிரியோல். நாற்காலி இன்னொரு பிள்ளையுடையது, சுவர் இன்னொரு ஆசிரியருடையது. இப்படிப்பட்ட அறையில் கிரேடு 1 முதல் 3 வரை உள்ளவர்களுக்கு நல்ல நடத்தையைப் பழக்க எது கைகொடுக்கும்?

பிரம்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. நடைமுறையில் போட்டி மூன்றுக்கு நடுவேதான்: வண்ண ஏணி, ஆளுக்கொரு வரிசை போட்ட நட்சத்திர அட்டை, வகுப்பு நல்லது செய்யும்போது ஒரு கோலி போட்டு, குறித்த மட்டம் எட்டினால் எல்லோருக்கும் பரிசு தரும் பொதுவான கோலிக்குண்டு ஜாடி. நான் ஜாடியைத் தேர்ந்தவள். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

வண்ண ஏணியை முதலில் ஓரம் கட்டிவிடலாம். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை. பிள்ளையின் பெயர் எழுதிய துணிக்கிளிப். குறும்பு செய்தால் கிளிப் கீழே இறங்கும். வேலை சுலபம், விளைவு உடனே தெரியும். ஆனால் சிவப்பில் மாட்டிய பெயரை அன்று முழுக்க எல்லோரும் பார்ப்பார்கள். காலை முதல் பாடத்திலேயே கீழே இறங்கிவிட்ட பிள்ளைக்கு, மதியம் வரை ஒழுங்காக இருக்க ஒரு காரணமும் மிச்சமில்லை. இந்நாட்டின் 2020ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் அடியை மட்டுமல்ல, பிள்ளையை இழிவுபடுத்தும் தண்டனையையும் தடுக்கிறது. கிளிப் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று நான் சொல்லவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பானேன் என்றுதான் கேட்கிறேன்.

நட்சத்திர அட்டை அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. பிள்ளைக்குத் தன் வரிசை நீள்வது கண்ணுக்குத் தெரிகிறது, பெற்றோரைச் சந்திக்கும் நாளில் காட்டவும் ஏதோ இருக்கிறது. முதல் வாரம் வகுப்பே மயங்கிக் கிடக்கும். சிக்கல் மூன்றாவது வாரத்தில் தொடங்கும், அதற்குக் காரணம் பிள்ளைகள் அல்ல. பராமரிப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பிள்ளைகள். நட்சத்திரத்தை உரிக்க, பெயரைத் தேட, கட்டத்தில் ஒட்ட ஒருவருக்குப் பத்து விநாடி. ஆளுக்கு ஒன்று என்றாலும் ஒரு பீரியடில் நான்கு நிமிடம் போயிற்று. வாரத்துக்கு இருபது நிமிடம். தவணைக்குப் பன்னிரண்டு வாரம் என்று வைத்தால் நான்கு மணி நேரம். அத்தனையும் தமிழ் சொல்லித்தர வேண்டிய நேரம். நட்சத்திரமோ வாரத்துக்கு 120, தவணைக்கு 1440. பீரியட் முடிந்த பிறகு ஒட்டலாம் என்பார்கள். அடுத்த அறைக்கு ஓட வேண்டியவருக்கு அந்தப் ‘பிறகு’ வாய்ப்பதில்லை. இன்றைக்கானதை நாளை ஒட்டினால் எதற்காகக் கிடைத்தது என்பதே ஆறு வயதுப் பிள்ளைக்கு மறந்திருக்கும்.

சுவர் விஷயம் வேறு. அட்டையை ஒட்ட வகுப்பாசிரியரிடம் இடம் கேட்க வேண்டும். கேட்டு ஒட்டினாலும், ஜனவரி முதல் மார்ச் வரையான புழுக்கத்தில் பசை விடும், மூலை சுருளும். மேட்டு நிலத்து ஊரான கியூர்பீப் பக்கம் என்றால் ஈரத்துக்குச் சொல்லவே வேண்டாம். திங்கட்கிழமை காலை அட்டை தரையில் கிடக்கும். சுருட்டிப் பையில் எடுத்துப்போனால் பத்து நாளில் நடுமடிப்பு கிழியும், அந்த மடிப்பில் யாருடைய பெயர் இருந்ததோ அந்தப் பிள்ளை அழும்.

அப்புறம் வராத நாள்கள். தைப்பூசக் காவடிக்கு முன்னும் பின்னும் தமிழ் வகுப்பில் வருகை குறைவது வழக்கம். புயல் எச்சரிக்கை, கனமழை என்றால் பள்ளியே மூடும். மூடிய நாளில் எல்லோருக்கும் சமமாகக் கட்டம் காலி. காவடிக்கு விரதம் இருந்து, வீட்டாரோடு கோயிலுக்குப் போன பிள்ளைக்கு மட்டும் மூன்று கட்டம் காலியாக இருந்தால் அதற்கு என்ன பதில் சொல்வது? ‘வந்திருந்தால் கிடைத்திருக்கும்’ என்று தமிழாசிரியரே சொல்ல முடியுமா?

இரண்டு வாரத்தில் இன்னொன்றும் வெளிப்படும். குட்டை வரிசை எப்போதும் அதே மூன்று நான்கு பேருடையதாக இருக்கும். அவர்கள் அட்டையைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். நீள வரிசைக்காரர்கள் பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், வண்ணப்பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுப் பேச்சே இல்லாமல் வரைந்தவர்களைவிட அவர்கள் வரையச் செலவிட்ட நேரம் ஏறத்தாழப் பாதிதான். தானாகவே ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதற்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இனி ஜாடி. தேவையானவை: கால் லிட்டர் பிடிக்கும் மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடி, 40 கோலிக்குண்டு, ஒரு ரப்பர் வளையம். கண்ணாடி ஜாடி வேண்டாம், அறைக்கு அறை தூக்கிப் போகிறபோது எங்கேயாவது விழும். ஜாடி வெளியே தெரியும்படி இருக்க வேண்டும்; கோலி விழும் ‘டொக்’ சத்தமும் கேட்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குத்தான் நிமிர்கிறார்கள். அரிசி, பட்டாணி போட்டால் சத்தமும் இல்லை, எண்ணவும் முடியாது.

ஒரு பீரியடில் நான்கு கோலி என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ரப்பர் வளையத்தை 15 கோலி மட்டத்தில் போடுங்கள்; கோலி அதுவரை ஏறினால் வகுப்புக்குப் பரிசு. நான்காம் நாள் எட்டிவிடும். அடுத்தது 25. அதன்பின் 40, அதாவது இரண்டு வாரம். அதற்கு மேல் இந்த வயது காத்திருக்காது. பலர் ஜாடி முறையைக் கைவிடுவது இங்கேதான்: பெரிய ஜாடியை முதல் நாளே வைத்து, ஒரு மாதம் ஆகியும் அடி மூடாமல், பிள்ளைகள் அதை மறந்தே போகிறார்கள். பரிசுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மைதானத்தில் பத்து நிமிட விளையாட்டு, விருப்பமான இடத்தில் உட்கார அனுமதி, கேட்ட பாட்டு. மிட்டாய் மட்டும் வேண்டாம். ஒருமுறை கொடுத்தால் அடுத்த முறை எத்தனை என்று பேரம் தொடங்கும்.

பராமரிப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீரியடுக்கு நான்கு முறை, முறைக்கு மூன்று விநாடி. பெயர் தேட வேண்டாம், ஒட்ட வேண்டாம், சுவர் வேண்டாம். வராத பிள்ளைக்குக் கட்டம் காலியாவதில்லை. திரும்பி வந்த அன்றே அவளும் அந்த ஜாடிக்குச் சொந்தக்காரி. தவணையின் எட்டாவது வாரத்தில், வருகைப் பதிவும் மதிப்பீடும் கழுத்தை நெரிக்கும்போது, ஆசிரியர் கை எதைச் செய்து முடிக்கும் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். தொடங்கி நின்றுபோன முறை, தொடங்காததைவிட மோசம். ‘மிஸ் சொன்னாங்க, செய்யல’ என்பதை இந்த வயது மறப்பதில்லை.

கோலி தானாக எதையும் கற்றுத்தராது, இதையும் சொல்லிவிட வேண்டும். 1968இல் மாட்சன், பெக்கர், தாமஸ் இரண்டு ஆசிரியர்களின் வகுப்புகளில் பார்த்தது: விதிகளைச் சொல்வது மட்டும் ஏறக்குறைய எதையும் மாற்றவில்லை, சின்னச் சின்னத் தொல்லையைக் கண்டுகொள்ளாமல் விட்டு, நல்லதைக் கண்டவுடன் பாராட்டியபோதுதான் வகுப்பு மாறியது. அதனால் முதல் இரண்டு வாரம் தினம் ஐந்து நிமிடம் நடத்தையே பாடம். உள்ளே நுழைவதை எடுத்துக்கொள்வோம். வாசலில் நிற்க வேண்டும். வணக்கம் சொல்ல வேண்டும். பை நாற்காலிக்குப் பின்னால். புத்தகமும் பென்சிலும் மேசைமேல். கை மேசைமேல். ஆசிரியர் முதலில் செய்துகாட்டுவார், பிறகு இரண்டு பிள்ளைகள், பிறகு எல்லோரும். தவறாக நுழைவது எப்படி என்று காட்டுவதானால் ஆசிரியரே காட்ட வேண்டும்; பிள்ளையிடம் விட்டால் அதையே ரசித்து மூன்று முறை செய்வான்.

நுழைந்து உட்காருவதற்குள் எல்லோரும் சேர்ந்து ஒன்று முதல் இருபது வரை எண்ண வேண்டும். இருபதுக்குள் கை மேசைக்கு வந்தால் ஒரு கோலி. இங்கே ஜாடிக்கு இன்னொரு லாபம் சேர்கிறது. கிரியோலில் ‘பா கோஸே’ என்று கத்தினால் பேசாதே என்பது மட்டும் போய்ச் சேரும், என்ன செய்ய வேண்டும் என்பது சேராது. ‘கண் இங்கே, கை மேசைமேல்’ என்று தினமும் ஒரே தமிழில் சொன்னால், பிள்ளை அந்தத் தமிழைக் கேட்டுச் செயல்படுகிறது. பாடப்புத்தகத்தில் ‘கை’க்குப் படம் பார்த்துக் கோடு போடுவதைவிட இது ஆழமாக இறங்கும். முதல் வாரம் கிரியோலில் விளக்கிவிடுங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து தமிழ் மட்டும்.

கோலி போடும்போது ஒரு வாக்கியம் கூடவே வர வேண்டும். ‘குட்’ என்பது வாக்கியம் அல்ல. ‘ஜன்னல் பக்கத்து வரிசை புத்தகத்தைத் திறந்துவிட்டுக் காத்திருக்கிறது’ என்பது வாக்கியம். எதற்குக் கிடைத்தது என்று தெரியாத கோலி வெறும் சத்தம். ‘மிஸ், கோலி!’ என்று கேட்டால் அந்தச் செயலுக்குக் கோலி இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவைத்தால் நச்சரிப்பு இரண்டு நாளில் அடங்கும்.

போட்ட கோலியை ஒருபோதும் எடுக்காதீர்கள். கோபத்தில் கை அந்தப் பக்கம் போகும், தெரியும். ஒருவன் செய்ததற்கு எல்லோருடைய கோலியும் குறைந்தால் இடைவேளையில் அவன் கதி என்ன ஆகும் என்று யோசியுங்கள். குழு முறையின் பலவீனமே இதுதான். 1969இல் அமெரிக்காவில் பாரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் ஒரு நான்காம் வகுப்பை இரண்டு அணியாக்கி, குறும்புக்கு அணியின் பெயரில் புள்ளி போட்டுப் பார்த்தார்கள். இடத்தைவிட்டு எழுவதும் அரட்டையும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அங்கேயும் இரண்டு பிள்ளைகள் அணியைக் கெடுத்துக்கொண்டே இருந்ததால் அவர்களைத் தனி அணியாகப் பிரிக்க வேண்டி வந்தது. ஜாடியில் குற்றத்துக்குக் கணக்கே இல்லை, நல்லதற்கு மட்டும்தான். அதனால் அந்த அழுத்தம் குறையும். இல்லாமல் போகாது.

அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு நட்சத்திர அட்டையே மேல், ஒப்புக்கொள்கிறேன். சுவரில் அல்ல, கையகல அட்டையாக அவனுடைய நோட்டுப் புத்தகத்துக்குள். ஒரே ஒரு நடத்தை, ஒரு பீரியடுக்கு மூன்று கட்டம், வீட்டில் அம்மா பார்த்துக் கையெழுத்து, நான்கு வாரத்துக்குள் முடிவு. ஒருவருக்கு என்றால் பராமரிப்பு முப்பது விநாடி. தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைக்கு இது போதுமா என்பதைப் பள்ளியில் அதற்கென்று இருப்பவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். கிரேடு 5, 6க்கும் ஜாடியைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். தேர்வு நெருங்கும் அந்த வயதுப் பிள்ளைகள் கோலியைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்வார்கள்.

இரண்டாவது தவணையில் ஜாடியை ஒரு வாரம் அலமாரியிலேயே விட்டுப் பாருங்கள். பை நாற்காலிக்குப் பின்னால் போகிறதா, இருபது எண்ணுவதற்குள் கை மேசைக்கு வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். வந்தால் கோலியைப் பீரியடுக்கு இரண்டாகக் குறைக்கலாம். எண்ணிக்கை முப்பதைத் தாண்டினால் திங்கட்கிழமை ஜாடி மறுபடி மேசைக்கு வரட்டும், ரப்பர் வளையம் 15இல்.